போர்மேன் வீட்டுத் தோட்டம்

எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் கத்தரிக்காய் பறிக்க வேண்டுமானால் முதலில் கொண்டை ஊசியைக் கழற்றி வைக்க வேண்டும். நாரணாபுரத்துக்கு நான் கல்யாணமாகி வந்த புதிதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சொன்னவர் அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரராகவே இருந்ததால் நம்ப வேண்டியதாயிற்று.

"டீச்சர், அங்கனயே நில்லுங்க. செருப்பக் களட்டியாச்சா? சரி. கொண்டை ஊசியையும் களட்டி அந்தத் தட்டுல போட்டுட்டு உள்ள வாங்க."

வேலிப்படலுக்கு வெளியே ஒரு பீங்கான் தட்டு இருந்தது. அதில் ஏற்கெனவே இரண்டு ஊசிகள் கிடந்தன. அவருடைய மனைவி பொன்னுத்தாய் அக்காவின் ஊசிகள். அக்கா அவிழ்ந்த கொண்டையோடு உள்ளே உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, பேசாமல் சொன்னதைச் செய் என்பதுபோல் கண்ணைக் காட்டினார்கள்.

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் துடுக்கு. "எதுக்கு அண்ணாச்சி? கத்தரிக்கா வெடிச்சிருமா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததும் இல்லை. "வெள்ளரிப்பளம் வெடிக்குமா வெடிக்காதா?" என்றார்.

"வெடிக்கும்."

"எந்த நிமிசத்துல வெடிக்கும்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"பொறவு என்ன? ஊசியப் போடுங்க."

போட்டேன்.

அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'போர்மேன்' என்றால் அவர்தான். உயரமான ஆள், நரைத்த கிராப்பு, முழங்கை வரை மடித்துவிட்ட காக்கிச் சட்டை. சட்டையில் பொத்தானுக்குப் பதில் நூல் முடிச்சு. உலோகம் என்று உடம்பில் ஒரு துணுக்கு இருக்காது. கல்யாண மோதிரத்தைக்கூட முதல் வருஷமே கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டாராம். "தாலியையும் கேட்டுருவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். தங்கத்துல தீப்பொறி வராதுன்னு யாரோ சொல்லிட்டாக, தப்பிச்சேன்" என்று அக்கா சொல்வார்கள்.

அவர் வேலை பார்த்த கம்பெனியில் அவர் காலத்தில் ஒரு விபத்தும் கிடையாது. சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு சீசனிலும் ஏதாவது ஒரு திசையில் சத்தம் கேட்கும், புகை எழும்பும், பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். அந்தத் திசை ஒருமுறைகூட அவருடைய கம்பெனி இருந்த திசையாக இருந்ததில்லை. இதற்காக அங்கே வேலை பார்த்த பெண்கள் அவரைக் கும்பிட்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் கம்பெனி வேலைக்குப் போனதில்லை என்று அர்த்தம். அவர்கள் அவரை வாயாரத் திட்டினார்கள். எதிர்வீட்டுக் காளியம்மாள் அதில் முதல் ஆள்.

"ரூமுக்கு நாலு பேருதான் உக்காரணுமாம். அஞ்சாவது ஆளாப் போயி ஒரு வெத்தல கேட்டாக்கூட வெரட்டுறான். வெயில் ஏறுனா மருந்தத் தொடாதங்கான். மேகம் கறுத்தா வீட்டுக்குப் போங்கான். பக்கத்துக் கம்பெனிக்காரி நூறு சரம் பின்னுனா நாங்க அம்பது. வெளங்குவானா அந்த ஆளு?"

அவருக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்வாள். அவருக்கும் கேட்கும். மறுநாளும் ரூமுக்கு நான்கு பேர்தான்.

தோட்டம் வந்தது அக்காவின் உடம்பால். அக்காவுக்கு ரத்தம் குறைந்து, நடந்தால் தலை சுற்றியது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, "தினமும் கீரை, காய் சாப்பிடணும்" என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஊருக்குக் காய்கறி சிவகாசியிலிருந்து பஸ் கூரையில் வரும். வந்து இறங்கும்போது வெண்டைக்காயை ஒடித்தால் ஒடியாது, கயிறுபோல் வளையும். போர்மேன் ஒரு வாரம் லீவு போட்டார். அவர் லீவு போட்டது அதுதான் முதல் தடவை என்பதால் கம்பெனியில் விபத்து நடந்துவிட்டதோ என்று விசாரிக்க நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் கரிசல் மண் சும்மா கிடந்தது. அதில் அவர் முதலில் செய்த காரியம், கொத்துவதற்கு முன்பே நான்கு மூலையிலும் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்தது. இரண்டாவது, நூல் பிடித்து அளந்தது. கம்பெனியில் ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சட்டம். ஒன்று பற்றினால் அடுத்தது பற்றக் கூடாது. அதே கணக்கைச் சுருக்கிச் செடிகளுக்குப் போட்டார். ஒரு கத்தரிச் செடிக்கும் அடுத்த கத்தரிச் செடிக்கும் நடுவில் ஒரு ஆள் கையை விரித்துப் படுக்கலாம். மண்வெட்டி இரும்பு என்பதால் கொத்தி முடித்த அன்றே அதை ஊருக்குள் அவருடைய தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் பித்தளைக் கரண்டிதான். அந்தக் கரண்டிக்காக அக்கா வீட்டில் ஒரு மாதம் கொட்டாங்கச்சி அகப்பையில் குழம்பு ஊற்றினார்கள்.

யோசனை சொல்லச் சர்க்காரிலிருந்து ஒரு கிராம சேவக் சைக்கிளில் வந்தார். வீட்டுக்கு வீடு தோட்டம் போடச் சொல்லி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் அவர். தானாகவே ஒருவர் தோட்டம் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆசையோடு ஓடி வந்தார். செடிகளைப் பார்த்தார். "என்னங்க இது, எட்டு சென்ட்ல பதினாறு செடியா? நெருக்கி வையுங்க, நிழல் விழும், தண்ணி மிச்சமாகும்" என்றார். சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் காதிலிருந்து ஒரு பீடியை எடுத்தார். அவ்வளவுதான். அந்த மனிதர் தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடியதை நான் பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். எங்கள் ஊருக்கு அதற்குப் பிறகு கிராம சேவக் வரவே இல்லை.

தோட்டத்துக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. காலை எட்டு மணிக்கு மேல் யாரும் எதையும் தொடக் கூடாது. மிளகாய் விதையும் கத்தரி விதையும் ஒரே டப்பாவில் இருக்கக் கூடாது. ஒரு மருந்தும் இன்னொரு மருந்தும் தெரியாமல் கலந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியுமே. பீர்க்கங்கொடி தன் எல்லையைத் தாண்டி அவரைப் பந்தலைத் தொடப் போனால் தினமும் காலையில் அதன் நுனியைப் பிடித்துத் திருப்பி விடுவார். அது மறுநாள் மறுபடியும் அங்கேயே போகும். இவர் மறுபடியும் திருப்புவார். இரண்டு பேரும் சளைக்கவில்லை. ஆனால் திருப்பித் திருப்பி நுனி நைந்துபோய், பூ வைக்கும் முன்பே அந்தக் கொடி காய்ந்துவிட்டது.

வெண்டைச் செடி ஒன்றில் அசுவினிப் பூச்சி விழுந்ததும் சுற்றியிருந்த நான்கு செடிகளையும் அன்றே பிடுங்கிக் குழியில் புதைத்தார். "அதுக எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அக்கா அழாத குறையாகக் கேட்டார்கள். "பக்கத்து ரூமும் நல்லாத்தான் இருக்கும், பத்துற வரைக்கும்" என்றார்.

இப்படியாக முதல் இரண்டு மாதத்தில் அந்தத் தோட்டம் கொடுத்தது ஒன்பது கத்தரிக்காயும் ஒரு பிடி சீனியவரையும். அக்கா பஸ் கூரையில் வரும் வெண்டைக்காயைத்தான் வாங்கிச் சாப்பிட்டார்கள். கூடவே தண்ணீர் இறைக்கும் வேலை வேறு. ரத்தம் ஊற வேண்டும் என்று போட்ட தோட்டம், இருந்த ரத்தத்தையும் கிணற்றடியில் வாங்கிக்கொண்டிருந்தது.

"காவலுக்கு நடுவுல எந்தக் காயி டீச்சர் காய்க்கும்?" என்று ஒருநாள் அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார்கள். "நேத்துப் பூசணி நறுக்குனேன். வெதைய எச்சித் தண்ணி விளுற மூலையில போட்டுட்டேன். அவருகிட்டச் சொல்லிராதீக."

நான் சொல்லவில்லை.

அவருடைய தோட்டத்தின் புகழ், அதன் காய்களைவிட வேகமாகப் பரவியது. முதலாளி காதுக்கும் போயிற்று. அது தீபாவளி சீசன். வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்து கிடந்தது. முதலாளியின் மருமகன், மதராஸில் படித்துவிட்டு வந்தவர், கம்பெனியில் மேனேஜராக வந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானத்தில் வேலை நின்றுபோவதையும் ரூமுக்கு நான்கு பேர் என்பதையும் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் இத்தனை வருஷம் விபத்தே இல்லாமல் பார்த்துக்கொண்ட ஆளைப் போகச் சொல்ல முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் கௌரவமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பங்களாவில் புதிதாக ஒரு காய்கறித் தோட்டம் போட வேண்டும், அதற்கு இவரை விட்டால் ஆள் இல்லை, சீசன் முடியும் வரை அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

அக்கா கொதித்துப் போனார்கள். "போர்மேனத் தோட்டக்காரனாக்கிட்டாகளே! ரோசம் இல்லையா உங்களுக்கு?"

"மொதலாளி சொல்றாரு. போகணும்ல" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு நெடுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றார்.

பங்களாவில் நடந்ததை அங்கே சமையல் வேலை பார்த்த ஒரு அம்மா எங்கள் சர்ச்சுக்கு வரும்போது சொன்னார்கள். முதல் நாளே முதலாளியம்மாவிடம் கொண்டை ஊசியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் தலையில் இருந்தது வைரம் வைத்த ஊசி. "வைரம் சரிம்மா, அது உக்காந்திருக்கது எதுல?" என்று கேட்டாராம். புல்தரையில் ஒரு டீ விருந்து நடந்திருக்கிறது. அதிகாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இவர் போய் நடுவில் நின்று, "நாலு பேரு இருங்க, மத்தவுக வெளிய நில்லுங்க. அவுக வந்ததும் நீங்க போகலாம்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது வாரத்தில் முதலாளி தன் வீட்டுத் தோட்டத்தில், தன் சொந்த ரோஜாச் செடிக்குப் பக்கத்தில், தன் சிகரெட்டைப் பற்ற வைத்தார். போர்மேன் பின்னாலிருந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். சிகரெட் அணைந்தது. முதலாளியும் நனைந்தார்.

"இந்த மனுசன் இங்க இருந்தா நான் எங்க அப்பா வீட்டுக்குப் போயிருவேன்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்கள். பதினாறாம் நாள் காலையில் அவரைத் திரும்பக் கம்பெனிக்கே அனுப்பினார்கள். தண்டனையாக என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவர் கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அதற்குப் பிறகு நடந்ததைக் காளியம்மாள் சொல்லித்தான் நான் அறிவேன். அவள் இருந்தது ஏழாம் நம்பர் ரூம். நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினொரு பேர். சரம் பின்னுவதும் அங்கேதான், மருந்து செலுத்துவதும் அங்கேதான். வெளியே தூக்க ஆள் இல்லாததால் முடிந்த பெட்டிகளை ரூமின் நான்கு வாசலில் மூன்றில் அடுக்கிவிட்டார்கள். ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அதில் வந்து நின்றார் போர்மேன்.

"எந்திரிங்க. எல்லாரும் வெளிய வாங்க."

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. ரூமில் சிரிப்பு. "தோட்டக்காரரு வந்துட்டாரு, கத்தரிக்கா பறிக்கவா?" என்றாள் காளியம்மாள். அவர் கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை என்பதால் அந்தச் சத்தத்துக்கே ஐந்தாறு பேர் எழுந்து ஓடினார்கள். மற்றவர்களைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். காளியம்மாள் மட்டும், "இந்தச் சரத்த முடிக்காம வரமாட்டேன், மேனேஜர் வந்து சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் சடையைக் கையில் சுற்றிப் பிடித்துத் தரையோடு இழுத்தார்.

"நான் அந்தாளோட ஏளு தலமொறையையும் திட்டிக்கிட்டே வாரேன் டீச்சரம்மா. முட்டி தேயுது. வாசலத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் இளுத்துட்டுப் போயிட்டாரு. 'ஒனக்குப் பாடை எறங்க'ன்னு வாயத் தொறக்கேன். வார்த்த பாதியில இருக்கு. ரூம் போயிருச்சு."

எதிலிருந்து பற்றியது என்று யாருக்கும் தெரியாது. பதினொரு பேரும் பிழைத்தார்கள். போர்மேன் காளியம்மாளுக்கும் ரூமுக்கும் நடுவில் இருந்ததால் அவர் முதுகு வெந்துவிட்டது. இரண்டு காதிலும் ரத்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சத்தத்தைக் கேட்டு ஓடினோம். அவர் வேப்பமரத்தடியில் குப்புறக் கிடந்தபடி விரலை நீட்டி நீட்டிப் பெண்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்து வந்தது. மறுபடியும் எண்ணினார். மறுபடியும் பத்து. காளியம்மாள் அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான்தான் அவளை முன்னால் இழுத்துக் காட்டினேன். அதன் பிறகே மயங்கினார்.

அடுத்த வாரம் கம்பெனியில் ஒரு கூட்டம் நடந்தது. பெரிய ஆபத்தில் ஓர் உயிர்கூடப் போகாமல் நிர்வாகம் செய்ததற்காக மேனேஜருக்கு ரோஜா மாலை போட்டார்கள். மேனேஜர் பேசும்போது முன்யோசனையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதைக் கேட்கப் போர்மேன் அங்கே இல்லை. இருந்திருந்தாலும் காது கேட்டிருக்காது.

அவர் ஒரு மாதத்துக்கு மேல் மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்காவும் கூடவே இருந்தார்கள். தோட்டத்துக்கு ஆள் இல்லை. நான் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் விடியற்காலையில் குடத்தோடு போனால், எனக்கு முன்பே உள்ளே பதினொரு பேர் நின்றார்கள். ஏழாம் நம்பர் ரூம் பெண்கள். வேலைக்குப் போகும் வழியில் ஆளுக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போவதாக அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். காளியம்மாள் இரும்பு மண்வெட்டியால் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி ஆட்டுப் புழுக்கையைக் கூடையோடு கொட்டினாள். இன்னொருத்தி சும்மா கிடந்த இடைவெளிகளில் எல்லாம் கீரை விதையை அள்ளி வீசினாள். "இம்புட்டு எடத்த எதுக்கு இந்த மனுசன் தரிசாப் போட்டு வச்சிருக்காரு?" என்று கேட்டுக்கொண்டே மிளகாய் நாற்றைக் கத்தரிக்கு நடுவில் நட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையும் ஏமாற்றவில்லை. எச்சில் தண்ணீர் மூலையில் அக்கா ஒளித்துப் போட்ட பூசணி, தடுப்பார் இல்லாமல் புறப்பட்டது. வெண்டைப் பாத்தியைக் கடந்து, பந்தலில் ஏறி, சுவரைத் தாண்டி எங்கள் குளியலறைக் கூரையில் வந்து பூத்தது. அவரையும் பாகலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. எது எந்தக் கொடி என்று காய்த்த பிறகுதான் தெரிந்தது. கீரையை ஊருக்கே பறித்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்கும் தினம் ஒரு பை போயிற்று. காய் எங்கிருந்து வருகிறது என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை. அவர் சந்தைக் காய் என்று நினைத்துச் சாப்பிட்டு, "பரவால்ல, ருசியா இருக்கு" என்றாராம். அக்காவின் முகத்திலும் ரத்தம் தெரிய ஆரம்பித்தது.

அவர் வீட்டுக்கு வந்த அன்று என்ன சொல்வாரோ என்று சுவரோரம் காத்து நின்றோம். பின்வாசலைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். எட்டு சென்ட்டில் மண் தெரியவில்லை. அவர் போட்ட நூல், குழி, எல்லை எதுவும் தெரியவில்லை. கை விரித்துப் படுக்க இருந்த இடத்தில் ஒரு விரல் நுழையாது.

திரும்பி அக்காவைப் பார்த்தார். "எத்தன பேரு உள்ள போனாக?"

அக்கா அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினார்கள். "பதினோரு பேரும்!"

"ஒரே நேரத்துலயா?"

"ஒரே நேரத்துல!"

"ஒண்ணும் ஆகலையா?"

"ஆச்சு!" என்று கத்தினார்கள் அக்கா. "காய்ச்சிருக்கு!"

அவர் உள்ளே இறங்கினார். கொடிகளை மிதிக்காமல் காலை எடுத்து எடுத்து வைத்து நடந்தார். ஒரு பூசணி இலையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு காய். பக்கத்து இலையைத் தூக்கினார். அங்கேயும் ஒன்று. அப்படியே தோட்டம் முழுக்க இலை இலையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார். சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நெடுநேரம் வெளியே வரவில்லை. மணி எட்டு தாண்டி ஒன்பதும் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்தில் எந்தச் சட்டமும் போடவில்லை. அக்கா சொன்ன இடத்தில் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. முதலாளி கார் அனுப்பி அவரைக் கம்பெனிக்குக் கூப்பிட்டார். ஏழாம் நம்பர் ரூம் பெண்கள், இனிமேல் போர்மேன் வராமல் வேலைக்கு உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் காரில் ஏறாமல் நடந்து போய் வேலையில் சேர்ந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் காளியம்மாள் ஒரு சாயங்காலம் அந்தத் தோட்டத்திலிருந்து வந்தாள். அக்கா கொடுத்த பூசணிக்காய் இடுப்பில் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"கேட்டீகளா டீச்சரம்மா அநியாயத்த? இப்ப ரூமுக்கு நாலு பேரு இல்ல, மூணு பேராம். மானத்துல ஒரு காக்கா பறந்து நெழல் விளுந்தாக்கூட மேகம்னு வெளிய போகச் சொல்றாரு. முன்னாடியாவது திட்டுனா காதுல விளும். இப்ப அதுவும் இல்ல. தோட்டத்த விட்டாரு, சனியன், அந்தச் சட்டத்தையும் சேத்து எங்க தலையில வச்சுட்டாரு."

"பக்கத்துல எத்தனையோ கம்பெனி இருக்கே. மாறிக்கிற வேண்டியதுதானே?" என்றேன்.

அவள் என்னை, படித்தவள் இப்படியும் கேட்பாளா என்பதுபோல் பார்த்தாள். பூசணிக்காயை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டீக" என்றாள். "வீட்ல மூணு பிள்ளைக இருக்கு டீச்சரம்மா."